வெளிமாநிலத்தில் இணையம் வழியே வாங்கிய பொருளுக்கு மாநில வரி: ரசீது முதல் ரிட்டர்ன் வரை

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசையை வெர்மான்ட் மாநிலத்திலுள்ள சிறிய தச்சுப் பட்டறை ஒன்றிடமிருந்து, அதன் இணையதளம் வழியாக வாங்கினேன். மேசையின் விலை 1,400 டாலர், அனுப்பும் செலவு 160 டாலர். ரசீதில் வரிக்கான இடத்தில் 0.00 என்று இருந்தது. வெளிமாநிலத்தில் வாங்கியதால் வரி கிடையாது போலும் என்று நினைத்து ரசீதைக் கோப்பில் வைத்துவிட்டேன். அது தவறான எண்ணம். அந்தப் பட்டறை என்னிடமிருந்து வரியை வசூலிக்கவில்லை என்பதற்கு மேல் அந்தச் சுழியத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. வரி என் பெயரில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பலர் வருமான வரியை ஒரு டாலர் பிசகாமல் கட்டிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கண்டுபிடித்து, கணக்கிட்டு, செலுத்தும் முறையை விரிவாக எழுதுகிறேன்.

விற்பனை வரி விதிக்கும் 45 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் அதற்குத் துணையாகப் பயன்பாட்டு வரி என்ற ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதை யூஸ் டாக்ஸ் என்பார்கள். வரிக்குரிய பொருளை விற்றவர் வரியை வசூலித்து மாநிலத்துக்குச் செலுத்தினால் அது விற்பனை வரி. அவர் வசூலிக்காத நிலையில், அந்தப் பொருளை எந்த மாநிலத்தில் வைத்துப் பயன்படுத்துகிறோமோ அந்த மாநிலத்துக்கு வாங்கியவரே நேரடியாகச் செலுத்த வேண்டியது பயன்பாட்டு வரி. இரண்டின் விகிதமும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளூரில் கடை வைத்து வரியோடு விற்பவர், வரியில்லாமல் விற்கும் வெளியூர்க்காரரிடம் வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஆரிகன் ஆகிய ஐந்து மாநிலங்களில் மாநில அளவில் விற்பனை வரி இல்லை. ஆனால் அலாஸ்காவில் சில ஊர்கள் தாமே விதிக்கும் விற்பனை வரி உண்டு.

விற்பவர் ஏன் சில நேரங்களில் வசூலிக்கிறார், சில நேரங்களில் விட்டுவிடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அறிந்திருந்தால் போதும். ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஊழியரோ இல்லாத நிறுவனத்தை, அந்த மாநிலத்துக்காக வரி வசூலிக்குமாறு கட்டாயப்படுத்த முடியாது என்பது 1992-இல் குவில் நிறுவனத்துக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் இடையிலான வழக்கில் உறுதி செய்யப்பட்டது. இணைய வணிகத்தின் தொடக்க காலத்தில் பல பொருள்கள் வரியில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம். 2018 ஜூன் 21 அன்று, வேஃபேர் என்ற இணைய மரச்சாமான் நிறுவனத்தின் மீது தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. தெற்கு டகோட்டாவின் சட்டப்படி, ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் அந்த மாநிலத்துக்குள் விற்பவர், அங்கே காலடி வைக்காதவராக இருந்தாலும் வசூலிக்க வேண்டும். மற்ற மாநிலங்களும் இதே வழியில் சட்டம் இயற்றின. கடைசியாக வந்த மிசூரியில் 2023 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பல மாநிலங்களில் வரம்பு 1,00,000 டாலர்தான் என்றாலும், கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அது 5,00,000 டாலர். நியூயார்க்கில் 5,00,000 டாலருக்கு மேற்பட்ட விற்பனையோடு நூறுக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளும் இருந்தால்தான் விற்பவருக்கு அந்தக் கடமை வரும்.

அமேசான், ஈபே, எட்சி போன்ற சந்தைத் தளங்களில் பொருளை விற்பவர் யாராக இருந்தாலும் தளமே வரியை வசூலிக்க வேண்டும் என்ற சட்டம், மாநில விற்பனை வரி உள்ள எல்லா இடங்களிலும் வந்துவிட்டது. ஆகையால் இன்று நமக்குக் கவலை தருபவை எண்ணிக்கையில் குறைவு. வரம்பைத் தொடாத சிறு விற்பனையாளர்களின் சொந்த இணையதளங்கள், வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பும் கடைகள், வரியில்லா மாநிலத்துக்குச் சென்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள்கள் ஆகிய மூன்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே இதை முறையாகச் செய்வது கடினமல்ல. ஆண்டுக்கு ஒரு மாலை நேரம் போதும்.

சுழிய ரசீதுகளைத் திரட்டுதல்

ஜனவரியில், வருமான வரிக்காக டபிள்யூ-2 படிவங்கள் (வேலை தருபவர் அனுப்பும் ஆண்டுச் சம்பளக் கணக்கு) வரத் தொடங்கும் நேரத்திலேயே இதையும் தொடங்குவது நல்லது. கிரெடிட் கார்டு நிறுவனங்கள் தரும் ஆண்டு அறிக்கையைத் திறந்து, பெரிய சந்தைத் தளங்களையும் உள்ளூர்க் கடைகளையும் நீக்கிவிட்டால், மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் தேடி ரசீதைத் திறந்து, வரிக்கான இடத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். கார்டு அறிக்கையில் மொத்தத் தொகைதான் இருக்கும், வரி தனியாக இருக்காது என்பதால், ரசீதைப் பார்க்காமல் இதை முடிக்க முடியாது.

வரி வசூலிக்கப்படாதவற்றை ஒரு தாளிலோ எக்செல் கோப்பிலோ எழுதிக்கொள்ளுங்கள். பொருள் வந்து சேர்ந்த தேதி, விற்றவர் பெயர், பொருள், விலை, அனுப்பும் செலவு, பொருள் சேர்ந்த முகவரி ஆகியவை போதும். முகவரியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரியைத் தீர்மானிப்பது கார்டுக்குரிய முகவரி அல்ல, பொருள் சென்று சேரும் முகவரிதான். ஆரிகனில் படிக்கும் மகளுக்கு அங்கேயே பயன்படுத்துவதற்காக ஒரு மடிக்கணினியை அனுப்பினால், கலிபோர்னியாவில் இருக்கும் பெற்றோருக்கு அதில் வரிக் கடன் எதுவும் இல்லை. அதே மடிக்கணினியை அங்கிருக்கும் நண்பர் முகவரிக்கு வரவழைத்து, பிறகு சான் ஹோசேக்கு எடுத்து வந்து தாமே பயன்படுத்தினால் கலிபோர்னியாவின் பயன்பாட்டு வரி வந்துவிடும். இப்படிச் சுற்றி வாங்குவதைச் சாமர்த்தியம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

அந்தப் பொருளுக்கு உங்கள் மாநிலத்தில் வரி உண்டா?

எல்லாச் சுழியங்களும் கடன் அல்ல. உங்கள் மாநிலம் ஒரு பொருளுக்கு விற்பனை வரி விதிப்பதில்லை என்றால் பயன்பாட்டு வரியும் இல்லை. இதில் மாநிலங்களுக்கு இடையிலான வேறுபாடு மிகப் பெரிது. 300 டாலர் விலையுள்ள ஒரு குளிர்கால மேலங்கியை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் உடைகளுக்கு வரி விலக்கு உண்டு, எனவே செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. மாசசூசெட்ஸில் ஓர் உடைக்கு 175 டாலர் வரை விலக்கு உண்டு, அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 6.25 விழுக்காடு வரி. மீதமுள்ள 125 டாலருக்கு 7 டாலர் 81 சென்ட் ஆகும். நியூயார்க் மாநகரில் 110 டாலருக்குக் குறைவான உடைக்குத்தான் விலக்கு. அந்த விலையைத் தாண்டினால் முழு விலைக்கும் 8.875 விழுக்காடு என்பதால் 26 டாலர் 63 சென்ட். கலிபோர்னியாவில் உடைக்கு விலக்கே இல்லை. அடிப்படை விகிதமான 7.25 விழுக்காட்டிலேயே 21 டாலர் 75 சென்ட் வரும், ஊருக்கு ஊர் அதற்கு மேலும் கூடும்.

மளிகைப் பொருள்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கோ குறைந்த விகிதமோ உண்டு. பதிவிறக்கம் செய்யும் மின்னூல், மென்பொருள் போன்றவற்றில் பென்சில்வேனியா வரி விதிக்கிறது, கலிபோர்னியா விதிப்பதில்லை. ஐயம் எழுந்தால் மாநில வருவாய்த் துறையின் இணையதளத்தில் அந்தப் பொருளின் பெயரையிட்டுத் தேடுவதே சரியான வழி. அக்கம்பக்கத்தார் சொல்வது அவர்கள் முன்பு குடியிருந்த மாநிலத்தின் விதியாக இருக்கக்கூடும்.

விகிதமும் அடிப்படைத் தொகையும்

பொருள் சேர்ந்த முகவரிக்குரிய விகிதத்தைப் பயன்படுத்த வேண்டும். நியூ ஜெர்சியில் பெரும்பாலும் 6.625 விழுக்காடு, மிச்சிகனில் மாநிலம் முழுவதும் 6 விழுக்காடு என்பதால் அங்கே சிக்கல் குறைவு. பென்சில்வேனியாவில் 6 விழுக்காடு, ஆனால் பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி கவுண்டியில் 7, பிலடெல்பியாவில் 8. டெக்சாஸில் மாநில விகிதம் 6.25, உள்ளாட்சிகளின் பங்கைச் சேர்த்து 8.25 வரை போகும். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் ஒரே ஜிப் கோடுக்குள் இரண்டு ஊர்களின் எல்லை வரக்கூடும் என்பதால், மாநிலத்தின் தளத்தில் முழு முகவரியையும் கொடுத்து விகிதத்தைத் தேடுங்கள். ஜிப் கோடை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து, எந்தத் தொகைக்கு வரி என்பதைப் பார்க்க வேண்டும். விற்பவர் தாமே தந்த தள்ளுபடியைக் கழித்த பிறகு வரும் விலைதான் அடிப்படை. அனுப்பும் செலவைப் பற்றி மாநிலங்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. நியூ ஜெர்சி, நியூயார்க், டெக்சாஸ் ஆகியவற்றில் பொருளுக்கு வரி உண்டென்றால் அனுப்பும் செலவுக்கும் உண்டு. கலிபோர்னியாவில் அஞ்சல் அல்லது கூரியர் வழியாக வாங்கியவருக்கே நேராக அனுப்பி, அதற்கான உண்மைச் செலவை ரசீதில் தனியாகக் காட்டியிருந்தால் அதற்கு வரி இல்லை. ஆனால் பொதிகட்டும் கட்டணம் என்று சேர்ப்பதற்கு அங்கும் வரி உண்டு. என் மேசையின் கணக்கில் 1,400 டாலரோடு 160 டாலரையும் சேர்த்து, 1,560 டாலருக்கு 6.625 விழுக்காடு என 103 டாலர் 35 சென்ட் வந்தது. முதல் முறை நான் அனுப்பும் செலவை விட்டுவிட்டுக் கணக்கிட்டேன். பத்து டாலருக்கு மேல் குறைந்திருந்தது.

வேறொரு மாநிலத்தின் விற்பனை வரியை நீங்கள் முறைப்படி ஏற்கெனவே செலுத்தியிருந்தால், அந்தத் தொகை உங்கள் மாநில வரியில் கழிக்கப்படும். அங்கே 4 விழுக்காடு கட்டிய பொருளுக்கு உங்கள் ஊரில் 7 விழுக்காடு என்றால் மீதமுள்ள 3 விழுக்காடுதான் கடன். அங்கே கட்டியது அதிகமாக இருந்தால் இங்கே ஒன்றும் கட்ட வேண்டியதில்லை, கூடுதலாகக் கட்டியதை உங்கள் மாநிலம் திருப்பித் தருவதுமில்லை.

எங்கே எழுதிச் செலுத்துவது?

வருமான வரி உள்ள பல மாநிலங்களில் இதற்குத் தனிப் படிவம் தேட வேண்டியதில்லை. மாநில வருமான வரி ரிட்டர்னிலேயே இதற்கென ஓர் இடம் இருக்கிறது. கலிபோர்னியாவின் 540 படிவத்தில் 91-ஆம் வரிசை, நியூயார்க்கின் ஐடி-201 படிவத்தில் 59-ஆம் வரிசை, பென்சில்வேனியாவின் பிஏ-40 படிவத்தில் 25-ஆம் வரிசை. நியூ ஜெர்சியில் என்ஜே-1040 ரிட்டர்னிலேயே சேர்க்கலாம், அல்லது எஸ்டி-18 என்ற தனிப் படிவத்தில் செலுத்தலாம். நியூயார்க்கில் கடன் ஒன்றும் இல்லையென்றாலும் அந்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது, சுழியம் என்று எழுத வேண்டும்.

சிறு சிறு பொருள்களாக நிறைய வாங்கி, ரசீதுகள் எல்லாம் கையில் இல்லாதவர்களுக்காக, கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் வருமானத்தை வைத்து ஒரு மதிப்பீட்டு அட்டவணையைத் தருகின்றன. உங்கள் வருமானத்துக்கு நேரே இருக்கும் தொகையை எழுதினால் போதும். ஆனால் அந்த அட்டவணை ஒவ்வொன்றும் 1,000 டாலருக்குக் குறைவான, சொந்த உபயோகத்துக்கான பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு மேற்பட்டவற்றைத் தனியாகக் கணக்கிட்டு அட்டவணைத் தொகையோடு கூட்ட வேண்டும் என்பதால், என் மேசை அட்டவணைக்குள் வரவில்லை. வணிகத்துக்காக வாங்கியவற்றுக்கு இது பொருந்தாது. கார், படகு போன்றவற்றின் வரியைப் பதிவு செய்யும் அலுவலகமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

வருமான வரி இல்லாத மாநிலங்களில் தனிப் படிவம்தான் வழி. டெக்சாஸில் 01-156, ஃபுளோரிடாவில் டிஆர்-15எம்ஓ. வாஷிங்டனில் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே நுகர்வோருக்கான பயன்பாட்டு வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்யலாம். வருமான வரி ரிட்டர்ன் நினைவூட்டாது என்பதால், இந்த மாநிலங்களில் இருப்பவர்களே அதிகம் மறக்கிறார்கள்.

ரிட்டர்னை மென்பொருளில் நீங்களே தயாரித்தாலும் சரி, கணக்காளரிடம் கொடுத்தாலும் சரி, வெளிமாநிலத்தில் வரியில்லாமல் ஏதேனும் வாங்கினீர்களா என்ற கேள்வியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கணக்காளருக்கு உங்கள் ரசீதுகள் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் சுழியம் என்றே எழுதுவார், அதன் கீழே கையொப்பமிடுபவர் நீங்கள். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில், தவணை கடந்த கூட்டாட்சி, மாநில, உள்ளாட்சி வரி பாக்கி ஏதும் உண்டா என்ற கேள்வி இருக்கிறது என்பதையும் நம்மவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நூறு டாலர் பாக்கிக்காக அந்தக் கேள்வியின் முன் தயங்கி நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகள்

கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த வெட் கிரைண்டருக்கும், சுவாமிமலையில் சொல்லிச் செய்வித்த வெண்கலச் சிலைக்கும் பயன்பாட்டு வரி பொருந்தும். கூரியர் நிறுவனம் உங்களிடம் வாங்கும் சுங்கத் தீர்வை கூட்டாட்சி அரசுக்குரியது. அதைக் கட்டிவிட்டதால் மாநில வரி தீர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், இப்போது பலருக்கு இரண்டு செலவும் சேர்ந்தே வருகின்றன. கலிபோர்னியாவில் ஒரு சலுகை உண்டு. வெளிநாட்டில் வாங்கிக் கையோடு எடுத்து வரும் பொருள்களில், 30 நாள்களுக்கு ஒரு முறை, முதல் 800 டாலருக்குப் பயன்பாட்டு வரி இல்லை. அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பி வைத்தால் இந்தச் சலுகை கிடைக்காது. சுங்கத் துறையின் விவரங்களைப் பெற்று, இறக்குமதி செய்தவர்களுக்கு அந்த மாநிலம் கடிதம் அனுப்புவதும் உண்டு.

அப்படி மாநிலத்திலிருந்து வரும் கடிதத்தையும், 'உங்களிடம் வரி வசூலிக்கப்படவில்லை, நீங்கள் செலுத்த வேண்டியிருக்கலாம்' என்று விற்பவர் அனுப்பும் அறிவிப்பையும் மோசடி என்று எண்ணிக் கிழித்துப் போட வேண்டாம். வசூலிக்காத விற்பனையாளர் வாங்கியவருக்கும் மாநிலத்துக்கும் தகவல் தர வேண்டும் என்ற சட்டத்தைக் கொலராடோ 2010-இலேயே கொண்டுவந்தது. கடிதத்திலுள்ள இணைப்பை அழுத்தாமல், மாநிலத் துறையின் தளத்தை நீங்களே திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக வசூலித்திருந்தால்

இதன் மறுபக்கமும் நிகழ்கிறது. விலக்குள்ள உடைக்கு வரி போட்ட ரசீதையும், பக்கத்து ஊரின் விகிதத்தைப் போட்ட ரசீதையும் பார்த்திருக்கிறேன். முதலில் விற்றவரிடமே, உங்கள் மாநிலத்தின் விலக்கு விதியைக் காட்டி, ரசீது எண்ணோடு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானோர் சில நாள்களில் திருப்பித் தந்துவிடுவார்கள். தரவில்லை என்றால் மாநிலத்திடம் விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கில் அதற்கு ஏயூ-11 என்ற படிவம் இருக்கிறது, பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கொலராடோவில் 2022 ஜூலை முதலும், மினசோட்டாவில் 2024 ஜூலை முதலும் சில சென்ட் அளவில் ரசீதில் தோன்றும் விநியோகக் கட்டணம் தவறு அல்ல. அது சாலைப் பணிகளுக்கென மாநிலமே விதித்த தனிக் கட்டணம், விற்பனை வரியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செலுத்தி முடித்த பின், கணக்கிட்ட தாளையும் ரசீதுகளையும் அந்த ஆண்டின் ரிட்டர்ன் நகலோடு சேர்த்து வையுங்கள். கலிபோர்னியாவில் பயன்பாட்டு வரிக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்தவரிடம் பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம், தாக்கலே செய்யாதவரிடம் எட்டு ஆண்டுகள் வரை கேட்க முடியும். பழைய ஆண்டுகளின் பாக்கி இப்போது நினைவுக்கு வந்தால், மாநிலம் கடிதம் அனுப்பும் வரை காத்திருக்காமல், அந்த ஆண்டின் ரிட்டர்னைத் திருத்தியோ தனிப் படிவம் வழியாகவோ வட்டியோடு நீங்களே செலுத்திவிடலாம். மேசைக்கான 103 டாலர் 35 சென்டை நான் அப்படித்தான், எஸ்டி-18 படிவத்தோடு ஒரு காசோலையை வைத்து, தாமதமாகவே அனுப்பினேன்.